பம்புக்குள் ஒரு கப் தண்ணீர்

ராக் ஸ்பிரிங்ஸ் ஊரைத் தாண்டி இருபது மைல் போன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மெஷினின் பம்பில் நின்ற தண்ணீரை நான் வடிக்கவே இல்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது என் கணவன் ஆரின். பின்னால் மூடிய டிரெய்லரில், போர்வை சுற்றி, நாலு பக்கமும் பட்டை போட்டு இறுக்கிய 1949-ம் வருஷத்து ப்ளூ ரிவர் வாஷிங் மெஷின் நின்றுகொண்டிருந்தது. எங்களைப் போன்ற பழைய மெஷின் பைத்தியங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அந்தச் சங்கத்துக்குத் தெரிந்த வரை இந்த ரகத்தில் இன்னும் துணி துவைப்பது இது ஒன்றுதான். மெஷினை எடுத்துக்கொண்டு புறப்பட்ட ஆக்டனிலிருந்து நெப்ராஸ்காவில் எங்கள் வீடு எண்ணூறு மைல். அதில் கால்வாசிகூடத் தாண்டவில்லை.

"வெளியில எவ்வளவு காட்டுது?" என்று கேட்டேன்.

"பதினாலு. இறங்கிட்டே இருக்கு" என்றான் ஆரின்.

ஃபாரன்ஹீட் கணக்கில் தண்ணீர் உறைய முப்பத்திரண்டே போதும். உறைந்தால் பம்பு பிளந்துவிடும். அந்தக் கால வார்ப்பு, பிஸ்கட் மாதிரி நொறுங்கும். மாற்றுப் பம்பு கிடையாது. செய்த கம்பெனியே மூடி அறுபது வருஷம் ஆகிறது.

காலையில் நடந்தது இதுதான். துவைத்துப் பார்க்காமல் எந்த மெஷினையும் எடுத்து வரமாட்டோம். அது எங்கள் கூட்டத்தில் சட்டம் மாதிரி. மூடியைத் திறந்து வைத்து, நுரை சுற்றுவதைச் சினிமா பார்ப்பது போல முழுசாகப் பார்த்தால்தான் எங்களுக்குத் திருப்தி. அந்த மெஷினின் சொந்தக்காரி ஹுல்டா, எண்பத்தெட்டு வயது. அவருடைய நிலவறையில் ஆறு துண்டுகளைப் போட்டு ஓட்டினோம். மெஷின் சுகமாகக் குறுகுறுக்கும் பூனை மாதிரி ஓடியது. அதற்குப் பிறகு எங்களுக்குள் வேலைப் பங்கு உண்டு. தொட்டி ஆடாமல் கட்டை சொருகுவது ஆரின். அடிக்குழாயைக் கழற்றிப் பம்பில் தங்கும் ஒரு கப் தண்ணீரை வடிப்பது, போன வருஷத்திலிருந்து, நான்.

"தண்ணியை நான் பாத்துக்கறேன்" என்று ஆரினிடம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஹுல்டா மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "ஆப்பிள் பை சூடா இருக்கு, ஆறிடப் போகுது. வாம்மா!"

போனேன். ஆப்பிள் பை தின்றேன். தின்றதோடு விட்டேனா? போன வருஷத்துக் கதையை எடுத்துவிட்டேன். மினசோட்டாவிலிருந்து ஒரு மெஷின் கொண்டுவந்தபோது ஆரின் தண்ணீரை வடிக்க மறந்து, வீட்டில் வந்து பார்த்தால் பம்பு இரண்டு துண்டு. அந்தக் கதையை நான் சங்கத்து விருந்தில் நடித்தே காட்டினேன். எழுபது பேர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். ஆரின் மட்டும் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு சாலட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹுல்டாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கீழே இறங்கியபோது மெஷின் தள்ளுவண்டியில் ஏறியிருந்தது.

புறப்படும்போது ஹுல்டா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் என்னை முதியோர் இல்லத்துல விடறாங்க. இனிமே என் துணியை எவளோ துவைப்பா. ஊருக்குப் போனதும் இதை ஓட விட்டு, போனைப் பக்கத்துல வை. எனக்குக் காசெல்லாம் வேண்டாம், அந்தச் சத்தம் போதும்."

"கண்டிப்பா" என்று வாய் நிறைய வாக்குக் கொடுத்தேன்.

"வெளியில இப்ப ஆறு டிகிரி" என்றான் ஆரின், வண்டியை ஓட்டியபடி, நான் கேட்காமலே.

ஆரினிடம் சொல்லிவிடலாம். ஆனால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? காற்று பனியைச் சாலை மேல் குறுக்கே அடித்தது. டிரெய்லர் வாலை ஆட்டியது. அவனோ ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான். எரிச்சலாக இருந்தது எனக்கு.

"கொஞ்சம் ஓரமா நிறுத்தேன். பட்டை தளர்ந்த மாதிரி இருக்கு."

"இந்தக் காத்துல கதவைத் திறந்தா டிரெய்லரே பறந்துடும். சும்மா வா லவான், அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்கு எல்லாமே விளையாட்டு."

"சரிம்மா" என்று மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தான்.

ராலின்ஸ் ஊரில் பனியால் சாலையையே மூடிவிட்டார்கள். லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு நிறுத்தத்தில் ஒதுங்கினோம். மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு.

"சூப் வாங்கிட்டு வரேன். வரிசை பெரிசா இருக்கும்" என்று ஆரின் இறங்கிப் போனான்.

அவன் உள்ளே மறைந்ததும் காபி ஃபிளாஸ்கையும் குறடையும் எடுத்துக்கொண்டு டிரெய்லருக்கு ஓடினேன். பூட்டு உறைந்திருந்தது. காபியில் பாதியை ஊற்றித் திறந்தேன். உள்ளே மண்டியிட்டுப் போர்வையை விலக்கி, பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். விரல்கள் மரத்துப்போயின. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பம்பைத் தடவினேன். விரிசல் தெரியவில்லை. ஆனால் உள்ளே இறுகியிருந்தால் இளகும்போதுதானே தெரியும்? ஹுல்டாவிடம் போனில் என்ன சொல்வேன்? நான் அழுதுவிட்டேன். கண்ணீர் கன்னத்திலேயே பனியாகிவிட்டது.

குழாயின் பிடியைத் தளர்த்தி இழுத்தேன்.

கூழாக ஏதோ கையுறையில் வழிந்தது. ரோஸ் நிறம். படுத்துத் தூங்கும் வசதியுள்ள கேம்பர் வண்டியின் குழாய்களுக்குள், குளிர்காலத்தில் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுவோமே, அந்த மருந்து. இது எந்தக் குளிரிலும் கூழாகுமே தவிர, கல்லாகிப் பம்பைப் பிளக்காது.

இதை நான் ஊற்றவில்லை. நான் மேலே உட்கார்ந்து ஆரினின் மறதியைக் கதை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், அவன் கீழே என் வேலையையும் முடித்திருக்கிறான். படி வழியாக ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்திருக்கும். சிரிப்பும்தான்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு வண்டிக்கு வந்தேன். ஆரின் இரண்டு சூப்போடு உட்கார்ந்திருந்தான். என் கையுறையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"ஆறிடப் போகுது, குடி."

"ஏன் சொல்லல?"

"என்னத்தை?"

"நான் மறந்துட்டேன்னு."

"போன வருஷம் எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே" என்றான். "அது உனக்கு வேண்டாம்னுதான்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "நான் ஒரு பிசாசு" என்றேன்.

"பிசாசுதான். சூப்பைக் குடி."

மூன்றாம் நாள் எங்கள் கராஜில் ப்ளூ ரிவர் ஓடியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. போனை மூடியின் ஓரத்தில் வைத்தேன். ஹுல்டா ஒரு துவைப்பு முழுவதையும் கேட்டார்.

"அவளேதான், என் ப்ளூ ரிவர்" என்றார் கடைசியில். பிறகு சிரித்தார். "என் தங்கச்சி வந்திருக்கா. அந்த மறதிக்காரன் கதையை இவளுக்கும் ஒரு தடவை சொல்லேன்!"

ஆரின் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

"அதை விட நல்ல கதை ஒண்ணு இருக்கு, ஹுல்டா" என்றேன். "இதுல மறந்தது நான்."