புரியாதவர்கள் கை தூக்கலாம்

மைக் சாருக்கு மைக் தேவையில்லை. அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். அவர் கூட்டல் சொல்லிக் கொடுத்தால் தெருமுனைக் கடைக்காரர் தன் கல்லாவைச் சரிபார்த்துக்கொள்வார் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்ததில்லை, பெருமையாகத்தான் இருந்தது. மனுஷனுக்கு அவ்வளவுதான் விவரம்.

ஆசிரியர்கள் கூட்டத்தில் கல்வி அதிகாரி, வாங்குகிற சம்பளத்துக்குத் தரம் இல்லை என்று ஆரம்பித்ததும் மைக் சார் எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"ஒரு ரூமுக்குள்ள அறுபது பேரை அடைச்சு வெச்சுட்டு தரம், தரம்னா எங்க சார் போறது? இருபது பேரைக் குடுங்க. ஒவ்வொருத்தரையும் கணக்குல புலியாக்கிக் காட்டலேன்னா என் பேரை மாத்திக்கறேன்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே, "செஞ்சு பாத்துடலாமே" என்றார். வாயைக் கொடுத்து வகையாக மாட்டிக்கொள்வது என்பார்களே, அது இதுதான். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தவருக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. மைக் சாருக்கு இருபது பேர். மிச்சம் நாற்பது பேருக்குப் புது ஆசிரியர் எல்லாம் கிடையாது, பக்கத்து ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டியது. பக்கத்து வகுப்பில் ஏற்கெனவே அறுபது பேர். அங்கே கணக்கு எடுப்பவர் தற்காலிக ஆசிரியை. மைக் சார் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாத சம்பளம். அது போகட்டும். அந்த டீச்சர் வேறு யாருமில்லை, மைக் சாரின் மனைவி.

அன்று மாலை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவள் வாயே திறக்கவில்லை.

"என்ன, பேசவே மாட்டேங்கற?"

"தொண்டையை மிச்சம் பிடிக்கறேங்க. நாளையில இருந்து வேணும்ல."

மறுநாள் முதல் அவள் பையில் ஒரு வெந்நீர் பிளாஸ்க்கும் சேர்ந்துகொண்டது.

மைக் சாருக்கோ ராஜபோகம். பெஞ்சுக்கு இரண்டே பேர். நடுவே நடக்க இடம், ஜன்னல் வழியே காற்று. பக்கத்து அறையில் ஜன்னல் திண்டில்கூடப் பிள்ளைகள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் கேட்கும்போதெல்லாம் இவர் முன் பெஞ்சுப் பெண்ணைத் தூது அனுப்புவார். அவள் போய், "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணுமாம் டீச்சர், அங்க கிளாஸ் நடக்குதாம்" என்று ஒப்பித்துவிட்டு வருவாள். கட்டிய மனைவிக்கே இப்படிச் சொல்லி அனுப்புகிறோமே என்று கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? வரவில்லையே!

ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று முழங்குவது அவர் வழக்கம். அறுபது பேர் இருந்தபோது "புரிஞ்சுது சார்!" என்ற பதில் அறையை அதிர வைக்கும். அதைக் கேட்டால்தான் அவருக்குப் பாடம் முடிந்த திருப்தி. இப்போது அதே பதில் சவசவவென்று வந்தது. காதைத் தீட்டினால் ஐந்தாறு குரல்தான் தேறும். மற்றவை வெறும் வாயசைப்பு. ஆள் குறைந்தால் சத்தம் குறையத்தானே செய்யும் என்று அவர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கணக்கு வாத்தியார்!

வீட்டில் இவர்தான் அவளுக்கு உபதேசம் செய்தார். அவளுடைய வழக்கம் தலைகீழ். பாடம் முடிந்ததும், "புரியாதவங்க கை தூக்குங்க" என்பாள். தூக்கிய பிள்ளைகள் எழுந்து போய், தூக்காத பிள்ளைகள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள். அந்த இரைச்சல்தான் சுவரைத் தாண்டி வந்தது.

"அதிகாரி வர்றப்போ மட்டும் அப்படிக் கேட்டுத் தொலைக்காத. அவர் என்ன எழுதறாரோ, அதை வெச்சுத்தான் உன் வேலை நீட்டிப்பு. மானம் போயிடும்."

"மறைச்சா மட்டும் புரிஞ்சிடுமாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் வெந்நீரைக் கொப்பளிக்கப் போனாள். குரல் ஏற்கெனவே கட்டியிருந்தது.

அதிகாரி வந்தார். முதலில் அவள் வகுப்பு. நிற்க இடமில்லாமல் வாசலிலேயே நின்றார். அவள் பின்னங்களைக் கூட்டிக் காட்டிவிட்டு, எப்போதும் போலவே கேட்டாள். பாதி வகுப்பு கை தூக்கியது. அதிகாரியின் முகம் சுருங்கியது.

அடுத்து மைக் சார். அதே பின்னம். முடித்ததும், "புரிஞ்சுதா?" என்று முழங்கினார். அன்றைக்குப் பார்த்து இருபது பிள்ளைகளும், ஐயோ பாவம் சார் என்று நினைத்தார்களோ என்னவோ, தொண்டை கிழியக் கத்தினார்கள். "புரிஞ்சுது சார்!"

அதிகாரி அவர் தோளில் தட்டி வெளியே கூட்டிவந்தார். "நீங்கதாங்க ஆசிரியர்!"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மைக் சாருக்கு அந்த நிமிஷம் தலைகால் புரியவில்லை. இதை யார் யாரிடமெல்லாம் சொல்லலாம் என்றுகூட யோசித்துவிட்டார். அதற்குள் அதிகாரி, கூடவே வந்திருந்த தலைமையாசிரியையிடம் திரும்பினார்.

"பக்கத்து ரூம் டீச்சருக்கு நீட்டிப்பு வேண்டாம். பாதிப் பேருக்குப் புரியலை. வேற தரமான ஆளாப் பாருங்க."

தலைமையாசிரியை மைக் சாரைப் பார்த்தார். மைக் சார் தன் செருப்பைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிய குரலில் அதே கணக்கை மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

வகுப்புக்குள் போய் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகக் கேட்டார். "புரியாதவங்க கை தூக்குங்க. திட்ட மாட்டேன்."

ஒரு கை. இரண்டு. பிறகு மளமளவென்று எல்லாக் கைகளும். முன் பெஞ்சுப் பெண் மட்டும் தூக்காமல் எழுந்து நின்றாள். அப்பாடா, ஒன்றாவது தேறியதே என்று அவர் மூச்சுவிட்டார்.

"எந்தப் பாடத்துல இருந்து புரியலைன்னா தூக்கணும் சார்?" என்று அவள் கேட்டாள்.

மூக்கறுபடுவது என்றால் இப்படியா! அதிகாரிக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"நல்ல சம்பளம், இருபதே பேர், அப்படியும் இந்த லட்சணம். என்னத்தை நிரூபிச்சீங்க?"

"அறுபது பேர் இருந்தா இந்தக் கேள்வி என் காதுல விழுந்தே இருக்காது சார். நூறு பேரை வெச்சுக்கிட்டும் பக்கத்து ரூம் டீச்சர் காதுல விழுது. அவங்ககிட்ட இருபது பேரைக் குடுத்துப் பாருங்க."

"அவங்க உங்களுக்கு வேண்டியவங்களா?"

"வீட்டுக்காரம்மா சார்."

"அதான் பரிஞ்சு பேசறீங்க."

"பரிஞ்சு பேசற ஆளா இருந்தா அன்னிக்குக் கூட்டத்துல வாயைத் திறந்து இந்த நாப்பது பேரையும் அவங்க தலையில கட்டியிருப்பேனா சார்?"

"அப்போ அந்த நூறு பேரை யார் பாப்பாங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றது வாய். மறுபடியும் அதே வாய்!

நீட்டிப்பு வந்தது. வகுப்புகள் இடம் மாறின. சம்பளம் மட்டும் அவரவருக்கு அப்படியே இருந்தது. அதைப் பற்றி அதிகாரி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்பதென்று மைக் சார் முடிவு செய்துகொண்டார்.

திங்கட்கிழமை காலை நூறு பேருக்கு எதிரே நின்றார். பத்தே நிமிஷத்தில் சட்டை நனைந்தது. பாடத்தை முடித்து, பழக்கதோஷத்தில், "புரிஞ்சுதா?" என்று முழங்கினார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"அப்படிக் கேக்கக் கூடாது சார்" என்று ஜன்னல் திண்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் சரியாகக் கேட்டார். கைகள் காடு மாதிரி எழுந்தன. பலகையை அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது தடவை முடிவதற்குள் குரல் உடைந்து கரகரத்தது. பிள்ளைகள் பெஞ்சு தாண்டி இடம் மாறினார்கள். ஒரே களேபரம்.

அப்போதுதான் பழைய தூதுப்பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் பிளாஸ்க்.

"டீச்சர் குடுக்கச் சொன்னாங்க சார். வெந்நீர்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நூறு பேர் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. பிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்புறம், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கணுமாம் சார்" என்றாள் அவள். "அங்க கிளாஸ் நடக்குதாம்."