டிஸ்க்குக்குப் போய்ச் சேராத வரிகள்

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து சிந்தாமணிக்குப் பேச்சில்லை. கை நடுக்கத்தில் பேனாவும் நிற்கவில்லை. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி மதுரைவீரன், 2002 கோடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரவல் வாங்கி, பூலாம்பாடி வீட்டில் அவள் கட்டிலருகே வைத்தான். அக்கா தட்டுவது திரையில் பெரிதாகத் தெரியவும், அப்படியே ஃபிளாப்பியில் பதியவும் சி மொழியில் புரோகிராம் எழுதினான்.

ஒவ்வொரு எழுத்துக்கும் ஃபிளாப்பி கரகரவென்று இரைந்தது. 'சத்தம் தாங்கலடா' என்று தட்டினாள். அவன் ஒரு வரியை மாற்றினான். இனி எழுத்துகள் மெமரியில் சேர்ந்து, அங்கே இடம் நிரம்பிய பிறகே மொத்தமாக டிஸ்க்குக்குப் போகும். சத்தம் அடங்கியது. அக்கா சிரித்தாள்.

அவள் கணவர் அண்ணாதுரை சிமென்ட் லாரியோடு கேரளா போயிருந்தார். ஒரு மத்தியானம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவருக்காக வெகுநேரம் தட்டினாள். திடீரென்று கரண்ட் போனது. மதுரைவீரன் உள்ளே வந்தபோது இருண்ட திரையைக் காட்டி, கரண்ட் வந்ததும் திரும்பத் தட்ட வேண்டும் என்று சைகை செய்தாள்.

"எல்லாம் பதிஞ்சிருக்கும்க்கா. நீ படு."

அரைமனதாகப் படுத்தாள். சாயங்காலம் மூச்சுத் திணறியது. திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

கருமாதி முடிந்து அண்ணாதுரையும் மதுரைவீரனும் ஃபைலைத் திறந்தார்கள். 'லோடு எறக்கிட்டீங்களா. வேளைக்குச் சாப்புடுங்க. ஒண்ணு மட்டும் கேக்கணும். நம்ம ஆர்த்திய' — அதோடு நின்றிருந்தது. மகள் ஆர்த்திக்கு அப்போது நாலு வயது.

"மிச்சம் எங்க மாப்ள?"

"மெமரியில இருந்துச்சு மாமா. கரண்டோட போயிருச்சு. அப்பப்ப டிஸ்க்குல எழுதிடுன்னு ஒரு வரி போட்டிருந்தா நின்னிருக்கும். நான் போடல."

"திரும்பத் தட்டுறேன்னு அவ கேக்கலையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"கேட்டுச்சு. நாந்தான் படுக்கச் சொல்லிட்டேன்."

அண்ணாதுரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிக்க வையின்னுருப்பா. இல்ல, அம்மா வூட்ல விடுன்னுருப்பாளோ?" என்றார்.

மதுரைவீரனுக்கு அரியலூரில் வேலை கிடைத்தது. அவன் எழுதும் புரோகிராம்கள் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதும். "ஏன் சார் இவ்ளோ ஸ்லோ?" என்று ஆபீஸில் கேட்பார்கள்.

"அப்படியே இருக்கட்டும்ங்க" என்பான்.