ஒற்றைச் சக்கரத்தில் ஜினசேனன்

டோலியில் ஏற மாட்டேன் என்று ஜினசேனன் சொன்னபோது வீட்டில் யாருக்கும் ஆச்சரியமில்லை.

"இன்னொருத்தன் தோள் எரிய எரிய என்னைத் தூக்கிட்டுப் போவான், நான் மேல போய் திருவடியைக் கும்புடணுமா? இது எந்த ஊரு நாயம்?" என்றார்.

அப்படிப்பட்ட மனிதர். தெருவில் போகிற எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர், நாலு பேர் தோளில் ஏறுவாரா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் சொன்ன திருவடி கீழ்பென்னாத்தூருக்கு அப்பால், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பாறைக் குன்றின் உச்சியில் இருக்கிறது. கல்லில் செதுக்கிய இரண்டு பாதங்கள், தலைக்கு மேல் வானம், அவ்வளவுதான். கல்யாணமான அன்றே ஜினசேனனும் கனகமாலாவும் அங்கே கல்படிகளில் ஏறிக் கும்பிட்டார்கள். அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதே நாளில் ஏறினார்கள். இரண்டு வருடமாகத்தான் ஏறவில்லை. பின்வாசல் படியில் வழுக்கி அவருக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறார். எலும்பு கூடிவிட்டது, பயம்தான் விடவில்லை. ஒற்றைப் படியைக் கண்டாலும் கால் நின்றுவிடும்.

இந்த வருடம் கல்யாணமாகி ஐம்பது நிறைகிறது. அவரை மேலே கொண்டுபோயே தீருவது என்று கனகமாலா முடிவு செய்துவிட்டாள்.

"அம்மா, கீழ ஊர்லயே கோயில் இருக்குது. கார்ல போனமா, கும்பிட்டமா, வந்தமானு இருக்கலாம் இல்ல?" என்றான் மகன் தர்மசந்திரன்.

"அம்பது வருஷமா உங்கப்பா கும்பிட்டது கீழ இருக்கறதையா?"

"உனக்கு எழுபத்தி நாலு வயசு ஆவுதும்மா."

"தெரியும்டா. உன்னைப் பெத்தவளுக்கு உன்னைவிட வயசு ஜாஸ்தியாத்தான் இருக்கும்."

மருமகள் சுருதி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கனகமாலா சாதாரணப் பெண்பிள்ளை இல்லை. சாலை போடும் இலாகாவில் இன்ஜினியராக இருந்தவள். ஜவ்வாது மலையில் வண்டித்தடமும் இல்லாத இடங்களில் கூடாரம் அடித்துத் தங்கி, அளவுகோலும் கயிறுமாகப் பாறைக்குப் பாறை தாவி, வளைவு வளைவாகச் சாலை கொண்டுபோனவள். வேலையாட்கள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு, இன்ஜினியரம்மா ஏறிவிட்ட பாறையில் நாம் ஏறாமல் இருப்பதா என்று பின்னாலேயே வந்தார்கள்.

அவளிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டாள். அவர்கள் சமணக் குலத்து நோன்பு அது. சூரியன் விழுமுன் சாப்பிட்டால் உண்டு, இல்லையென்றால் மறுநாள் காலைதான். பள்ளிக்கூட வாத்தியாரான ஜினசேனன், மணி அடித்ததும் கேரியரைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, பெண்டாட்டி எந்தச் சாலையில் நிற்கிறாளோ அந்தச் சாலைக்கு மிதிப்பார். லீவு விட்டால் மலைக்கே வந்துவிடுவார்.

அப்படி ஒரு லீவில் நல்ல மழை. ஓடை இரு கரையும் புரண்டு போகிறது. இக்கரையில் கனகமாலா, அக்கரையில் தோளில் மூன்று வயது மகனும் கையில் கேரியருமாக ஜினசேனன். மேற்கே சூரியன் மலைமுகட்டைத் தொடப் போகிறது. கனகமாலா விடவில்லை. கல்லில் கயிற்றைக் கட்டி அக்கரைக்கு வீசச் சொன்னாள். அந்தப் பக்கம் உயரமாக ஒரு மரத்தில், இந்தப் பக்கம் தாழ்வாக ஒரு பாறையில் கயிறு இறுகியது. ஜினசேனன் கேரியரை அதில் மாட்டிவிட, வெள்ளத்துக்கு மேலே அது சல்லென்று வழுக்கி வந்து அவள் கையில் நின்றது. ஒரு சொட்டுக் குழம்பு சிந்தவில்லை. வேலையாட்கள் எல்லாரும் விசில் அடித்தார்கள். "அம்மாவும் கயித்துல வருவாங்களா?" என்று தர்மசந்திரன் தோளில் குதித்தான். மறுவருடம் அதே இடத்தில் அவள் பாலம் கட்டினாள். இன்றைக்கும் பஸ் போகிறது அதன்மேல்.

வெள்ளத்துக்கு மேலே சோற்றை வரவழைத்தவளுக்குக் குன்றின்மேல் புருஷனை ஏற்றத் தெரியாதா?

திருவண்ணாமலை பைபாஸ் ஓரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பரசுராமனிடம் போனாள். ஒரு நாற்காலி, அடியில் நடுவே ஒரே சக்கரம், முன்னால் இழுக்க இரண்டு கைப்பிடி, பின்னால் தாங்க இரண்டு கைப்பிடி. படம் போட்டுக் காட்டினாள்.

"இன்னா மேடம் இது, சினிமாக்காரன் கேட்டானா?"

"எங்க வீட்டுக்காரரு ஏறப் போறாரு."

"சார் ஒத்துக்கினாரா?"

"நீ செய், அப்புறம் ஒத்துக்குவாரு."

முதலில் போட்டது சித்தாள்கள் மண் தள்ளும் வண்டியின் சக்கரம். படியின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. "பெருசு வேணும் பரசு, படியைவிட நல்லா உசரம்" என்றாள். பழைய மொபெட் சக்கரம் வந்தது. சைக்கிள் பிரேக் ஒன்றையும் பின் கைப்பிடியில் பூட்டினார்கள்.

ஜினசேனன் எடைக்கு மணல் மூட்டையை நாற்காலியில் கட்டி, அடி அண்ணாமலைப் பக்கம் கிரிவலப் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள். கனகமாலா பின்னால், பரசுராமன் முன்னால். பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"இன்னாமா, மூட்டைக்கு இன்னா வேண்டுதலு?"

"அதுக்குக் கால் வலிக்குதாம்" என்றான் பரசுராமன்.

பாதையோரத்து மண்டபப் படிகளில் ஏற்றினார்கள். மூட்டை ஆடாமல் அசையாமல் ஏறியது. கனகமாலாவுக்கு இருபது வயது குறைந்தாற்போல் இருந்தது.

வண்டி வாசலுக்கு வந்தபோது ஜினசேனன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யார் தோள்லயும் பாரம் இல்லங்க. பாரம் மொத்தமும் சக்கரத்து மேல" என்றாள் கனகமாலா.

"இழுக்கறது யாரு?"

"உங்க புள்ளை. நீங்க அவனைச் சொமந்தீங்க இல்ல? கொஞ்சம் இழுக்கட்டும்."

அவர் உள்ளே போய் வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொடுத்தார்.

கல்யாண நாளன்று சாயங்கால வெயில் இறங்கத் தொடங்கியதும் நால்வரும் அடிவாரத்தில் நின்றார்கள். முன்னால் தர்மசந்திரன், பின்னால் கனகமாலாவும் சுருதியும், நாற்காலியில் பெல்ட் போட்டுக்கொண்டு ஜினசேனன், அவர் மடியில் கேரியர். சக்கரம் முதல் படியைத் தொட்டது, தயங்கியது, ஏறியது. அடுத்தது. அதற்கடுத்தது. "ஏறுது அத்தை, ஏறுது!" என்றாள் சுருதி. குன்றின் இடுப்புவரை பாட்டுப் பாடாத குறையாகப் போனார்கள்.

அப்போதுதான் ஜினசேனன், "நிறுத்து! எறும்பு! எறும்பு!" என்று கத்தி ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

நாற்காலி சரிந்தது. கனகமாலா தோளைக் கொடுத்து முட்டினாள். சுருதி பிரேக்கை இறுக்கினாள். தர்மசந்திரன் ஓடிவந்து அப்பாவை அணைத்துப் பிடித்தான். கேரியர் இரண்டு படி உருண்டு, மூடி திறக்காமல் நின்றது.

அடுத்த படியைப் பார்த்தால், சக்கரம் ஏறவேண்டிய இடத்தில் கறுப்பு நூல்போல எறும்புச் சாரை.

"போதும்மா. இறங்கிடலாம். மறுபடியும் அந்த இடுப்பு ஒடஞ்சா இன்னா பண்ணுவ?" என்றான் தர்மசந்திரன், அப்பாவை விடாமல்.

கனகமாலா படியில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனை கணக்குப் போட்டாள்! படியின் உயரம், சக்கரத்தின் விட்டம், ஆளின் எடை. எல்லாம் சரி. ஆனால் மணல் மூட்டை எறும்பைப் பார்க்காது. இவர் பார்ப்பார். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள் இந்த ஒன்றைக் கணக்கில் விட்டுவிட்டாளே.

சூரியன் மேற்கே ஒரு பனை உயரத்தில் நின்றது.

"கனகா," என்றார் ஜினசேனன். "என்னை இறக்கு."

"வீட்டுக்குத்தான போவணும்? இறக்கறேன்."

"வீட்டுக்கு யாரு போறா? அதுங்க போறப்போ சக்கரம் ஏத்தக் கூடாது. நான் தாண்டிடறேன். நீங்க வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைங்க."

"படிங்க அது."

"தெரியுது. கையைக் குடு."

இரண்டு வருடமாகப் படியைக் கண்டால் நடுங்கிய கால். அவள் தோளை இறுகப் பற்றினார். அவள் தோளெலும்பு நொறுங்கும்போல் வலித்தது, மூச்சு விடவில்லை அவள். கால் எழுந்தது. எறும்புகளுக்கு மேலே ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. பிறகு மேல் படியில் பதிந்தது. மற்றக் காலும் வந்து சேர்ந்தது.

"மாமா!" என்று சுருதி கைதட்டியேவிட்டாள்.

"இன்னாத்துக்குக் கைதட்டற? எறும்பு பயந்துடும்," என்றார் அவர். ஆனால் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கனகமாலா எழுந்தாள். "இனிமே நீங்க சும்மா உக்கார வேணாம். எறும்பு பாக்கறது உங்க வேலை. சாயக் கூடாது, வாயால சொல்லுங்க."

அதன்பின் அவர் மேஸ்திரியாகிவிட்டார். "நிறுத்து" என்பார், இறங்குவார், தாண்டுவார், ஏறி உட்கார்வார். ஒவ்வொரு சாரைக்கும் அவள் தோளில் அவர் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. எறும்புகள் அன்றைக்கு வஞ்சனை இல்லாமல் ஊர்ந்தன. உச்சிக்குச் சற்றுக் கீழே, "நிறுத்து" என்றார் மறுபடியும்.

தர்மசந்திரன் குனிந்து தேடினான். "எங்கப்பா? ஒண்ணும் காணமே?"

"எறும்பு இல்லடா. நான் நடந்து வரேன்."

கடைசிப் படிகளை ஒரு கையால் மகனையும் மறுகையால் கனகமாலாவையும் பிடித்துக்கொண்டு நடந்தே ஏறினார். திருவடியில் நெற்றி வைத்து வெகுநேரம் கிடந்தார். எழுந்தபோது நெற்றியில் கல்லின் சூடு சிவப்பாகப் பதிந்திருந்தது. தூரத்தில் அண்ணாமலை, சுற்றிலும் கடலைக் கொல்லை, எதிரே இன்னும் விழாத சூரியன்.

கனகமாலா கேரியரைத் திறந்தாள். புளிச்சோறு, அவரைக்காய்ப் பொரியல், தயிர்ச்சோறு.

"அம்பது வருஷம் நான் உனக்குக் கொண்டாந்தேன்," என்றார் ஜினசேனன்.

"இன்னைக்கும் நீங்கதான் கொண்டாந்தீங்க. உங்க மடியிலதான வந்துச்சு?"

அவர் சிரித்தார். முதல் கவளத்தை அவள் கையில் வைத்துவிட்டு, மகனிடம் போனை வாங்கிப் பரசுராமனைக் கூப்பிட்டார். குன்றெல்லாம் கேட்கும்படி கத்தினார்:

"பரசு! மூட்டை நடந்தே மேல வந்துடுச்சு!"

"சார்!" என்று அந்தப் பக்கம் பட்டறையே கூச்சலிட்டது. அந்தக் கூச்சல் அடங்குமுன், வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே, ஐம்பது வருடத்து வழக்கம்போல இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.