கரி அள்ளும் குனிவு

1

எழுதக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டுதான் குரிமோட்டோ இதைச் சொன்னார். முப்பது வருடம் விளையாட்டு நிருபராக இருந்தவர். எழுதுகிறவனிடம் எழுதாதே என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

முதல் வரியை இப்படி வைத்தேன்: மோஜி துறைமுகத்தின்மேல் பழைய நினைவுகளைப்போல மழை...

(அடித்துவிட்டேன். அந்தத் துறைமுகத்தில் பதினோரு வருடம் சரக்குக்குக் கொக்கி மாட்டியவன் நான். மழை மழை மாதிரிதான் பெய்யும்.)

2

மழையால் பேஸ்பால் ஆட்டம் ரத்து. கப்பல்கரி இறக்குகிறவர்கள் சாப்பிடும் கடையில் பகல் ஒரு மணிக்கே பேச்சு பழைய பந்துவீச்சாளர்கள் பக்கம் போய்விட்டது.

"முனகாட்டா மாதிரி இனி ஒருத்தன் வருவானாய்யா? பந்து போடுறானா, முள்ளங்கி பிடுங்குறானான்னே தெரியாது" என்றார் கரி அள்ளும் தொபாஷி.

மற்றவர்கள் தோளுக்கு மேலிருந்து எறிவார்கள். எங்கள் முனகாட்டா மண்ணோடு மண்ணாகக் குனிந்து, விரல்முட்டி தரையில் உரசக் கீழிருந்து விடுவார். ஆட்டம் முடியும்போது பந்தெல்லாம் ரத்தம்.*

"பேட்டிதான் கண்றாவி! ஜெயிச்சவனை மேடையேத்தி மைக்கை நீட்டினா என்ன சொன்னான்?"

"'ம். கால் அரிக்குது.'"

கடையே சிரித்தது. மூலையில் குரிமோட்டோ மட்டும் கிண்ணத்தில் வழுக்கிய அவித்த முட்டையைச் சாப்பாட்டுக் குச்சிகளால் துரத்திக்கொண்டிருந்தார்.

"ஆனா மறுநாள் பேப்பர்ல சொன்னான் பாரு!" தொபாஷி எழுந்து வேலைச்சட்டையைக் கழற்றி உள்பக்கம் காட்டினார். நூலால் தைத்திருந்தது: 'இது என் அப்பா கரி அள்ளிய குனிவு. நான் பந்தை எறியவில்லை, அள்ளுகிறேன்.'

"இடுப்பு விட்டுப்போயி, ஓடிரலாம்னு இருந்த அன்னிக்குப் படிச்சேன். சரி, குனியறது ஒண்ணும் கேவலமில்லைன்னு இருந்துட்டேன். நாளையோட எனக்கு வேலை முடியுது. சொல்லி அனுப்பியிருந்தேன், இப்ப அவரே இங்க வர்றாரு. அடியில ஒரு கையெழுத்து வாங்கிட்டா போதும்."

* கொஞ்சம்தான் ரத்தம். நான் கூட்டினேன்.

3

முட்டை தப்பித்து விழுந்தது. குரிமோட்டோ என் காதருகே வந்தார்.

"அந்த வரி என்னோடது."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஆட்டம் முடியறதுக்குள்ள செய்தியை எழுதி வச்சிருவோம். ஜெயிச்சவன் வார்த்தைக்கு மட்டும் இடம் காலியா இருக்கும். அதுல கால் அரிக்குதுன்னா போடுறது? அச்சுக்குப் போக நாலு நிமிஷம்தான் இருந்துச்சு."

"அப்ப அவங்கப்பா கரி அள்ளலையா?"

"சலூன் வச்சிருந்தாரு."

"அடப்பாவி அண்ணே!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பொய்யன் என்று பேர் வாங்குவது அவருக்குப் பெரிதில்லை. அந்த வரியை உருவினால் தொபாஷியின் முதுகெலும்பும் கூடவே வந்துவிடும் என்பதுதான் அவர் பயம்.

4

முனகாட்டா வந்தார். குடையை மடக்கினார். தொபாஷி நீட்டிய சட்டையை நின்றபடியே படித்தார், இரண்டு முறை.

"ம்" என்றார். பிறகு நேராகக் குரிமோட்டோவைப் பார்த்தார்.

ஒரு முடிவு: குரிமோட்டோ எழுந்து, 'தொபாஷி, மன்னிச்சிரு, அது நான்தான்...'

(இல்லை. எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர்.)

இன்னொன்று: முனகாட்டா சொல்கிறார், 'கத்தரி பிடிச்சவனும் நாள் முழுக்கக் குனிஞ்சுதான்யா நின்னான்.'

(நன்றாக இருக்கிறது. அதனால்தான் அடித்தேன். அந்த வாயில் இன்னொரு வரியைத் திணித்தால் எனக்கும் குரிமோட்டோவுக்கும் என்ன வித்தியாசம்?)

நடந்தது இவ்வளவுதான். முனகாட்டா பேனாவை வாங்கினார். எழுதவில்லை. மேசையில் வைத்து, அன்று தரையை உரசிய அதே விரல்முட்டியால், குரிமோட்டோ பக்கம் தள்ளிவிட்டார்.

குரிமோட்டோவின் காது சிவந்தது. பேனாவைக் கையால் தொடாமல், முழங்கையால் என் பக்கம் தள்ளினார். "நீயும் எழுதறவன்தானே!"

"என்னய்யா, ஒரு பேரு போட இம்புட்டு யோசனையா?" என்கிறார் தொபாஷி.

நான் பேனாவை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். வரிக்குக் கீழே ஒரு பெயருக்கு இடம் இருக்கிறது. தொபாஷி சட்டையை விரித்துப் பிடித்தபடி குனிந்து நிற்கிறார்.

இடுப்பு வலிக்காரர். சீக்கிரம்.