வெள்ளிக்கிழமைச் சாட்சி

கார்மேகம் தன் மனைவி சரசுவிடம் அந்தப் பொய்யைச் சொன்னபோது அவன் கையில் பிரியாணி வாசம் இன்னும் போகவில்லை. அரபு நாட்டில் அல் குசைஸ் தொழிலாளர் கேம்பில் வெள்ளிக்கிழமை மதியம் என்றால், அதே ரூமில் இருக்கும் செய்கு அலாவுதீன் பாய் போடும் பிரியாணிதான். இரண்டு தட்டு வெளுத்துக் கட்டிவிட்டு, கீழ்க்கட்டிலில் சாய்ந்தபடி, போன் கார்டைச் சுரண்டி ஊருக்கு அடித்திருந்தான். "எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? இங்க எனக்கும் பத்தியந்தான். குப்பூஸ் ரொட்டி ஒண்ணு, வெள்ளரிக்கா, சீனி இல்லாத டீ. நம்ம ரூம் கிளிட்டஸ் அண்ணன் என்ன திங்கிறாரோ அதத்தான் நானும் திங்கிறேன்" என்றான். சொல்லி முடிக்கும்போது ஏப்பம் வந்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு ஆசையில்லை. வேறு வழிதான் தெரியவில்லை. சரசுவுக்கு வலது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரலில், ஆடி மாதம் செருப்பு கடித்த புண் ஐப்பசி வந்தும் ஆறாமல் கிடந்தது. சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறிக் கிடக்கிறது, இப்படியே போனால் தை மாதம் விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று பரமக்குடி டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மாத்திரையும் கட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வாயைக் கட்டுவது உங்கள் கையில்தான் இருக்கிறது என்றும் சொன்னார். சரசு யார் சொல்லையும் லேசில் கேட்கிற ஆள் இல்லை. சட்டியில் மிஞ்சிய சோறு வீணாகிவிடுமே என்று அதையும் தின்பாள். மாத்திரை போட்டாயா என்றால் மறந்துபோச்சு என்பாள். கார்மேகம் கெஞ்சினால், "நீங்க மட்டும் அங்க கறியும் சோறுமா இருக்கீக, எனக்கு மட்டும் பத்தியமாக்கும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அவர்கள் ஊரில் ஒருவருக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரைக்கும் போனது. கட்டடத்தில் கம்பி கட்டும் வேலையில் குனிந்திருக்கும்போதெல்லாம் கார்மேகத்துக்கு அந்த மனிதரின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. அதனால்தான் அந்தப் பொய்.

அதைக் கேட்டதும் போனில் சரசு, "அப்ப அந்த கிளிட்டஸ் அண்ணங்கிட்ட போனக் குடுங்க" என்றாள்.

கிளிட்டஸ் எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். அதே கம்பெனியில் ஏசி டெக்னீசியன், ரூமிலேயே மூத்தவர். போன வருஷம் ஒரு மொட்டைமாடியில் ஏணியில் நிற்கும்போது தலை சுற்றி, நல்ல வேளையாக உள்பக்கமாக விழுந்தார். கிளினிக்கில் சர்க்கரை என்றார்கள். மறுநாளிலிருந்து மனிதர் மாறிவிட்டார், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு பேருக்கும் ஒரே சட்டிதான், முறை வைத்துத்தான் சமையல், அதிலிருந்துதான் அவரும் எடுத்தார். முதலில் தட்டு நிறையக் காய், அதற்குப் பக்கத்தில் மீன், கடைசியில் டீ டம்ளரால் அளந்து ஒரு டம்ளர் சோறு. சாப்பிட்டு முடித்ததும் கேம்ப் சுவரை ஒட்டி நடந்துவிட்டு வருவார். ரூமில் எல்லோரும் அவருக்கு டாக்டர் என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் முன்வரிசையில் நின்றவன் கார்மேகம்தான். சில மாதம் போனபிறகு ஒருநாள், தினமும் தங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்த அவருடைய குறட்டை நின்றுபோயிருப்பதை எல்லோரும் கண்டுபிடித்தார்கள். அதற்காக மட்டும் உள்ளுக்குள் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டார்கள்.

கார்மேகம் போனை நீட்டிக்கொண்டே, சொல்லிவிடுங்கள் என்று கண்ணால் கெஞ்சினான். கிளிட்டஸ் நகவெட்டியை மடித்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு நிதானமாகப் போனை வாங்கினார்.

"தங்கச்சி, நான் கிளிட்டஸ் பேசுதேன். சொகமா இருக்கியளா? பின்ன, பொய் சொல்லப்படாது பாத்துக்கிடுங்க. இன்னைக்கு உச்சைக்கு இவரு ரெண்டு பிளேட் பிரியாணி தின்னாரு. ஆனா நாளைலேருந்து நான் என்ன தின்னுதனோ அதத்தான் இவரும் தின்னுவாரு. அதுக்கு நான் பொறுப்பு. ஓரோ வெள்ளிக்கிழமையும் எங்கிட்ட கேட்டுக்கிடுங்க."

கார்மேகத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போனில் சரசு சிரிக்கிற சத்தம் கேட்டது. புண் வந்ததிலிருந்து அவள் சிரித்து அவன் கேட்டதில்லை. "அவுக சொல்லும்போதே தெரியும்ணே, ஏப்பச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றாள். "சரி, அவுக வாயக் கட்டுனா நானும் கட்டுறேன். அவுக விட்டா நானும் விட்டுருவேன். அங்க நீங்க சாட்சி. இங்க எம்மக நாகஜோதி சாட்சி."

போனை வைத்ததும், "மானத்த வாங்கிட்டீகளேண்ணே" என்று கார்மேகம் எகிறினான்.

"மானம் எங்கயும் போவாது மக்கா" என்றார் கிளிட்டஸ். "நாளைக்குச் சாப்பிட்டதும் செருப்ப மாட்டிட்டு வாரும். நடப்போம்."

முதல் வாரம் நரகம் என்றே சொல்ல வேண்டும். கம்பி கட்டுகிறவனுக்கு ஒரு டம்ளர் சோறு எந்த மூலைக்கு என்று கார்மேகம் புலம்பினான். கிளிட்டஸ் அவன் தட்டில் இன்னொரு கரண்டி பயறும் இன்னொரு துண்டு மீனும் வைத்தாரே ஒழிய, சோற்றுச் சட்டிப் பக்கம் போகவில்லை. மாலையில் கேம்ப் சுவரைச் சுற்றி இருவரும் நடந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் குப்பை லாரிகள் போகும், இந்தப் பக்கம் வரிசையாகக் கொடியில் கம்பெனி நீலச் சட்டைகள் தொங்கும். கிளிட்டஸ் நடக்கும்போது அதிகம் பேசமாட்டார். எப்போதாவது அவருடைய ஊர்க் கடல் எந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று சொல்வார். கார்மேகம் வானம் பார்த்த பூமிக்காரன், அவனுக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் அந்த நடைக்காக அவன் மாலையை எதிர்பார்க்க ஆரம்பித்தான். பஸ்ஸில் வரும்போது கண்ணைச் சொருகும் அசதி குறைந்திருந்ததையும் கவனித்தான்.

வெள்ளிக்கிழமை தோறும் விசாரணை நடந்தது. கிளிட்டஸ் போனை வாங்கி உள்ளதை உள்ளபடி சொல்வார். அந்தப் பக்கம் பிளஸ் ஒன் படிக்கிற நாகஜோதி, "அம்மா மாத்திர போட்டாங்கப்பா, கேப்பக் கூழு குடிச்சாங்க. செவ்வாக்கெழம மட்டும் பக்கத்து வீட்டு வடையில பாதி தின்னாங்க" என்று பெற்ற தாயைப் போட்டுக் கொடுப்பாள். பின்னாலிருந்து சரசு திட்டுவது கேட்கும். புண்ணில் சீழ் குறைந்திருக்கிறது என்று ஒரு வாரம் செய்தி வந்தது. கார்மேகம் அன்றைக்கு ரூமில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான், சீனி இல்லாமல்.

அந்தத் தெம்பில்தான் தவறினான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் செய்கு அலாவுதீன் ஆட்டுக்கறி பிரியாணி போட்டார். ஒருநாள்தானே என்று கார்மேகம் உட்கார்ந்தான். மூன்றாம் தட்டில்தான் எழுந்தான். கிளிட்டஸ் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அந்த வார வெள்ளிக்கிழமை போனில் அதையும் சொல்லிவிட்டார். சரசு கோபப்படவில்லை. "சரிண்ணே, அப்ப எனக்கும் பெருநாள்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் நாகஜோதி அழுதுகொண்டே பேசினாள். கோயிலில் மார்கழிப் பொங்கலை அம்மா தொன்னை தொன்னையாக வாங்கித் தின்றாள், மாத்திரையையும் தொடவில்லை, சர்க்கரை பழையபடி ஏறிவிட்டது, காலில் மறுபடி தண்ணீர் கட்டியிருக்கிறது, டாக்டர் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். கார்மேகம் போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். என்னவென்று கேட்டவர்களுக்குக் கிளிட்டஸ்தான் பதில் சொன்னார். அதுவரை இது புருஷன் பெண்டாட்டி விளையாட்டு என்று நினைத்திருந்த ரூமுக்கு, ஒரு விரல் தங்கள் சோற்றுத் தட்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறு வெள்ளிக்கிழமை செய்கு அலாவுதீன் அண்டாவைத் திறந்தபோது விஜயபாஸ்கர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், அரிசியக் காணோம்?" என்றான். அவனும் அதே ரூம், சிமெண்ட் மிக்சர் லாரி ஓட்டுகிறவன். வாரம் முழுக்க இந்த ஒரு வேளையை நினைத்துத்தான் வண்டியே ஓட்டுவான். அண்டாவில் பாதிக்கு மேல் பீன்ஸும் காலிஃபிளவரும் தோலுரித்த கோழியும் இருந்தன. எண்ணெய் மிதக்கவில்லை. அங்கங்கே தேடினால் அரிசி அகப்பட்டது.

"வெள்ளிக்கிழமகூட இப்படியா? இதுக்கு நான் ஊர்லயே இருந்திருப்பேனே" என்று விஜயபாஸ்கர் தட்டை வைத்தான்.

"உக்காந்து தின்னுடா" என்றார் பாய். "எங்க தங்கச்சி வெரல விட எம்பிரியாணி பெருசா?" பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார். "எனக்கும் ரெண்டு வருசமா பிரஷர் இருக்குப்பா. மாத்திரய தலகாணி உறைக்குள்ள வச்சிருக்கேன். சொன்னா ஊருக்கு அனுப்பிருவானுங்களோன்னு யார்கிட்டயும் சொல்லல."

விஜயபாஸ்கர் கீழே வைத்த தட்டை மறுபடி எடுத்தான். கார்மேகம் பாயைப் பார்த்தான். அந்த மனிதர் தன் கைப்பக்குவத்தை சரசுவின் காலுக்காக இறக்கி வைத்திருக்கிறார், அவளை அவர் பார்த்ததுகூட இல்லை. அவன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "கைய விடு, சாப்பாடு ஆறுது" என்றார் பாய்.

அன்றைக்குப் போனில் செய்கு அலாவுதீனும் பேசினார். "தாயி, நான்தான் இந்த ரூம் பிரியாணிக்காரன். இனி எம்பக்கமிருந்து உம்புருசனுக்குத் தொந்தரவு வராது. நீயும் விட்டுராத தாயி" என்றார். அந்தப் பக்கம் சரசு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

பிறகு மெல்ல மெல்ல ரூம் மாறியது. யாரும் முடிவெடுத்து மாறவில்லை. கிளிட்டஸோடும் கார்மேகத்தோடும் பாயும் நடக்க வந்தார். விஜயபாஸ்கருக்கு அவர்கள் போனபிறகு ரூமில் தனியாக உட்கார்ந்திருக்கப் போரடித்தது. அதனால் அவனும் வந்தான், வந்து வழிநெடுக முனகினான். பக்கத்து ரூம் பெங்காலிகள் இவர்கள் என்ன ஊர்வலம் போகிறார்கள் என்று வேடிக்கை பார்த்துவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். சைட்டில் டீ கொண்டுவருகிறவர், "பினா சீனிவாலா கித்னா?" என்று, சீனி இல்லாதது எத்தனை என, தனியாகக் கேட்க ஆரம்பித்தார். முன்பு அந்தக் கேள்விக்குக் கிளிட்டஸின் கை மட்டும்தான் உயரும். இப்போது கம்பி கட்டும் கூட்டத்தில் பாதிக் கைகள் உயர்ந்தன.

கார்மேகத்துக்குக் கிளிட்டஸிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. நன்றி என்று சொன்னால் மேடையில் பேசுவதுபோல் இருக்கும். தேங்க்ஸ் என்பது சூப்பர்வைசருக்குச் சொல்கிற வார்த்தை. ஒருநாள் நடக்கும்போது எப்படியோ வாயைத் திறந்து, "அண்ணே, நீங்க அன்னைக்கு எனக்காகப் பொய் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்துவிட்டு முடிக்கத் தெரியாமல் நின்றான். கிளிட்டஸ் நிற்கவில்லை. "எனக்கும் ஒத்தைக்கு நடக்கப் பிடிக்கல்ல மக்கா. ஒரு வருசம் ஒத்தைக்குத்தானே நடந்தேன்" என்றார். அவரைப் பார்த்துத் தாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் கார்மேகத்துக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். இந்த மனிதர் தன் ரூமில் வந்து சேர்ந்தது தன் குலசாமி புண்ணியம் என்று நினைத்தான்.

தை மாதம் சரசு டாக்டரைப் பார்க்கப் போகிற நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. விஷயத்தைப் போனில் சொல்ல மாட்டேன், நெட் சென்டருக்கு வாருங்கள் என்று நாகஜோதி சொல்லிவிட்டாள். கார்மேகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. நல்ல சேதி என்றால் போனிலேயே சொல்லலாமே என்று வழியெல்லாம் புலம்பினான். தனியாகப் போகவும் பயமாக இருந்தது, அதனால் ரூமே கிளம்பியது. அந்த மலையாளி நெட் சென்டரில் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்தான் உட்காரலாம். ஆறு பேர் நெருக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக் கடைக்காரர் முறைத்தார். பாய் அவரிடம் காதோடு ஏதோ சொன்னதும் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அங்கே கம்ப்யூட்டரில் படம் மட்டும்தான் வரும், பேச்சு வராது. அதனால் கார்மேகம் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டான்.

திரையில் சரசு தெரிந்தாள். பரமக்குடி பிரவுசிங் சென்டரின் பச்சைத் தடுப்புக்கு முன்னால், கனகாம்பரம் வைத்து, இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். இத்தனை ஆண்கள் பார்க்கிறார்கள் என்றதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பக்கத்தில் நாகஜோதி அவளைத் தோளில் இடித்துக்கொண்டே இருந்தாள்.

"என்னாச்சு சரசு? டாக்டர் என்ன சொன்னாரு? சொல்லித் தொல" என்றான் கார்மேகம்.

"வாயால சொன்னா நீங்க நம்பமாட்டீக. பொய் சொல்லிப் பழகுன ஆளு" என்றாள் சரசு. "ஆனா எப்படிங்க... ஒங்க முன்னாடி, அண்ணன்மாரு முன்னாடி... மொகத்துக்கு நேரா... தப்பா நெனச்சுக்கிறாதீக."

அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். நாகஜோதியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த நொடி திரையிலிருந்து முகம் மறைந்து, கறுப்பாக ஏதோ அசைந்தது. பிறகு திரை முழுக்க ஒரு பாதம் வந்து நின்றது. மண் வெடிப்போடு, வெள்ளி மெட்டியோடு, கட்டு இல்லாத பாதம். பெருவிரலுக்கு அடுத்த விரலில் தோல் புதிதாக, வெளிர் நிறத்தில் மூடியிருந்தது. விரல் அதன் இடத்தில் இருந்தது.

கார்மேகம் மொபைலைத் தலைக்கு மேலாகப் பின்னால் நீட்டினான். கிளிட்டஸ் வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "தங்கச்சி, அத அசைக்க முடியுதா? கொஞ்சம் அசைச்சுக் காட்டுங்க பாப்போம்" என்றார்.

படம் அப்படியே உறைந்து நின்றது. கோடு கோடாகக் கலங்கியது. செய்கு அலாவுதீன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறகு திரை ஒரு குலுக்கலில் உயிர் பெற்றது. அந்த விரல் மட்டும் தனியாக, மெதுவாக, மேலே எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பியது. கார்மேகம் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே திரையை நோக்கி இரண்டு கைகளையும் கூப்பியிருந்தான்.