பெட்டியின் மறுமுனை

இரண்டாம் மாடித் திருப்பத்தில் பெட்டி சிக்கிக்கொண்டது. கீழ்முனை அவர் கையில், மேல்முனை மைத்துனன் கையில். உள்ளே அவருடைய மகன்.

வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர் தொழில். பீரோ என்றால் இந்த இடத்தில் நிமிர்த்திச் சுழற்றிவிடுவார். இதை நிமிர்த்த முடியாது. கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித்தான் திருப்ப வேண்டும். மைத்துனனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. படியிலேயே பெட்டியை வைத்தார்கள்.

"கீழ நிக்கிறானுங்களே மச்சான், அதுல ஒருத்தனக் கூப்பிடலாம்."

மகனோடு சுற்றிய அந்தப் பையன்களின் கை அவன்மேல் படக்கூடாதென்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது பள்ளி வாசலில் பைக்கோடு நின்று கூப்பிட்டவன், அவர்களில் ஒருவனான நெட்டை. மகன் முதலில் மதியத்துக்கு மேல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். பிறகு சீருடை அழுக்காவதே நின்றுபோனது. மனைவிதான் அதைக் கவனித்தாள். கேட்டபோது, கூப்பிட்ட இடத்துக்குப் போகாவிட்டால் எல்லோரும் தன்னை 'எல்.கே.ஜி.' என்கிறார்கள் என்றான். அவர் அடித்தார். அதன் பிறகு அவன் எதுவும் சொல்வதில்லை.

முந்தாநாள், மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையின் கூரையில் செம்புக்கம்பி அறுக்க ஏறியிருக்கிறார்கள். தகரம் உடைந்தது. விழுந்தது ஒருவன்தான்.

மைத்துனன் மறுபடி குனிந்து பார்த்தான். முடியவில்லை.

"நெட்டைய வரச் சொல்லு" என்றார்.

நெட்டை வந்தான். கைப்பிடிச் சுவரில் கால் வைத்துப் பெட்டியைத் தாண்டி மேல்முனைக்குப் போனான். முழங்கைகளில் சிராய்ப்பு இன்னும் காயவில்லை. எங்கே பிடிக்க வேண்டுமென்று அவர் காட்டினார். தூக்கினார்கள். பெட்டி சுவருக்கு மேலே வந்தது.

அங்கேயே அவர் நின்றுவிட்டார்.

"அவனுக்கு உயரம்னா பயம். பால்கனிப் பக்கமே போகமாட்டான்."

"தெரியும்பா."

"ஏறமாட்டேன்னு சொன்னானா?"

நெட்டை பெட்டியின் மூடியைப் பார்த்தான்.

"சொன்னான்."

"அப்புறம்?"

மேலே வீட்டுக்குள் மனைவியின் அழுகை நின்று, மறுபடி தொடங்கியது.

"சிரிச்சோம்பா."

மைத்துனன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். நெட்டையின் பிடி நழுவத் தொடங்கியது. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழ்முனைக்கு வந்தது. அவர் தோளைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

பெட்டி திரும்பியது.

மேலே பிடிப்பவனுக்குத் தன் கால் தெரியாது. பெட்டி மறைக்கும். கீழே பின்பக்கமாக இறங்குகிறவர்தான் சொல்லிக்கொண்டே போக வேண்டும். தொழிலில் அதுதான் வழக்கம். அவர் குதிகாலால் அடுத்த படியைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"இறங்கு" என்றார்.

நெட்டை ஒரு காலை இறக்கினான்.

"மெதுவா. இன்னொண்ணு."