குலுங்காத மோட்டார்

மோட்டார் கம்பெனி முதலாளி சங்கரலிங்கம் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. சாப்பாடு தூக்கம் மறந்து ஒரு வாரம் ஞானராஜ் போட்ட படம் அது. மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் ஓரத்தை அழுத்திப் பிடித்தபடி நின்றான்.

"நல்லா ஓடுற மோட்டாரை எதுக்குய்யா மாத்தணும்ங்கிற?"

"கிளம்புறப்ப ஒரு குலுக்கு குலுங்கணும் மொதலாளி. அம்புட்டுதான் மாத்திருக்கேன்."

"குலுங்கக்கூடாதுன்னுதான ரெண்டு வருசம் உக்காந்து செஞ்ச?"

அது உண்மைதான். ராஜபாளையத்து நூல்மில்களில் மோட்டார் வெடுக்கென்று இழுத்துக் கிளம்பும். ஒரு மெஷினில் ஓடும் நூற்றுக்கணக்கான இழைகளில் பாதி அறுந்து தொங்கும். பெண்கள் ஓடி ஓடி ஒட்டுவார்கள். நூற்பு மெஷினுக்கென்றே ஒரு மோட்டார் செய்துவிடுவது என்று ஞானராஜ் கங்கணம் கட்டிக்கொண்டான். சுழலும் பாகத்தில் வெட்டிய பள்ளங்களான காடிகளை ஆழமாக்கினான், ஒடுக்கினான், மறுபடி ஆழமாக்கினான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு. இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்த நாட்கள் உண்டு. எண்பத்தெட்டில் ஒருவழியாக அது கைகூடியது. சுவிட்சைப் போட்டால் மோட்டார் கிளம்பியதே தெரியாது. ஓர் இழைகூட அறவில்லை. அதை முதலில் மாட்டிய மில்லில் மாலை போட்டுப் பூஜை செய்தார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனான ஞானராஜும் சுண்டல் வாங்கித் தின்றான். அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த மாதமே அந்த மெஷினில் வேலை பார்த்த செல்லக்கனியின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெறுங்கட்டை மாட்ட மெஷினை நிறுத்துவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில், பல்சக்கரங்களில் அடைந்த பஞ்சை விரலால் நோண்டி எடுப்பது அங்கே எல்லாப் பெண்களும் செய்வதுதான். கை விடக்கூடாது என்று போர்டு தொங்குகிறது. பஞ்சு அடைத்து மெஷின் நின்றுபோனால் வசவு விழும் என்பது போர்டில் இல்லை. அவள் நோண்டிக்கொண்டிருக்க, அந்தக் கோடியில் மேஸ்திரி சுவிட்சைப் போட்டுவிட்டார்.

கவனமில்லாதவள் என்று மில்லில் கதையை முடித்தார்கள். ஞானராஜுக்குத்தான் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷமாக நோண்டினார்களே, ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லையே? மில்லுக்குப் போய், பழைய மோட்டார் மாட்டிய மெஷின்மேல் கையை வைத்து நின்றான். அந்த இரைச்சலில் காதருகே கத்தினாலும் கேட்காது. சுவிட்ச் விழுந்ததும் இரும்புச் சட்டம் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அதற்குப் பிறகுதான் சக்கரம் அசைந்தது. அதற்குள் அவன் கை தானாகப் பின்னுக்கு வந்திருந்தது. அந்த நடுக்கம்தான் அத்தனை பேருடைய விரல்களையும் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை ஒழிக்கத்தான் அவன் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்திருக்கிறான்.

"ஒரு பெல் வச்சுத் தொலைப்போம்" என்றார் சங்கரலிங்கம்.

"மில்லுக்குள்ள பெல் யாருக்குக் கேக்கும்?"

"சரி, உன் குலுக்குல இழை அறுமா, அறாதா? அதச் சொல்லு."

"கொஞ்சம் அறும்."

சங்கரலிங்கம் படத்தைச் சுருட்டி அவனிடமே நீட்டினார். அவர் முகத்தில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஞானராஜுக்கு. "இழை அறுந்தா எவன்யா வாங்குவான்? இப்ப இருக்க படத்துலயே போகட்டும். நீ ரெண்டு நாள் லீவு போட்டு வீட்ல இரு."

வெளியே பட்டறையில் குலுங்காத மோட்டாரின் அளவுக்கே தகடுகள் வெட்டி விழுந்துகொண்டிருந்தன. அவன் வேலையை விட்டாலும் அவை விழும். படம் இருக்கிறது, அது போதும் அவர்களுக்கு.

செல்லக்கனியைப் பார்க்கச் செட்டியார்பட்டிக்குப் போனான். கட்டுப்போட்ட கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு அவள் எழுந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். நடுக்கத்தைப் பற்றி, காடிகளைப் பற்றி, முதலாளி சொன்னதைப் பற்றி. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"விடுங்க சார். நீங்க வேணும்னா செஞ்சீக? உங்க மெஷின்ல இழை அறாது. ஓடி ஓடிக் கால் வீங்காது. நல்ல மெஷின்." கொஞ்சம் தயங்கினாள். "எனக்குப் பதிலா தங்கச்சிய எடுக்கோம்னு மில்லுல சொல்லிருக்காக. அந்த மெஷின்லயே போடச் சொல்லுவீகளா? பழசுல அவ தாங்கமாட்டா சார்."

"வேண்டாம்மா. இவ்வளவு நேரம் நான் சொன்னது காதுல விழுகலையா?"

"விழுந்துச்சு. பொறவு சோத்துக்கு?"

உள்ளேயிருந்து அவள் தங்கை முத்துப்பேச்சி வந்தாள். தலை பின்னி, இருப்பதில் நல்ல தாவணியாகப் பார்த்துக் கட்டியிருந்தாள். வேலை வாங்கித் தர வந்தவர் என்றே நினைத்திருப்பாள். டம்ளரில் கலர் சோடாவை விளிம்புவரை ஊற்றிவிட்டாள் போல. சிந்திவிடாமலிருக்க, பத்து விரலாலும் இறுக்கிப் பிடித்தபடி அடிமேல் அடி வைத்து அவன் முன்னால் வந்து நீட்டினாள்.